இசட்4 டிக்கி மேல சின்னதா ஒரு ஸ்பாய்லர்: பாலக்கோடு தம்பிக்கு பதில்

பாலக்கோட்டுல இருந்து ஒரு வாசகர் எழுதிருக்கார், சுருக்கி இங்க போடறேன்: "அண்ணா, பெங்களூர்ல 2012 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், நாலு மாசம் ஆகுது, இன்னும் கேஏ நம்பர்தான் ஓடுது. நீல மெட்டாலிக் கலர், பட்டன அமுக்கினா கூரை மடிஞ்சு டிக்கிக்குள்ள போற மாடல். ஓசூர் ரோட்ல 110, 120 போறப்போ பின்பக்கம் லேசா அலையற மாதிரி இருக்கு, தொப்பூர் எறக்கத்துலயும் மனசுக்கு திக்குனு இருக்கு. பின்னாடி சின்னதா ஒரு ஸ்பாய்லர் போட்டா வண்டி ரோட்ட புடிச்சிக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ஆன்லைன்ல ஒரு பைபர் லிப் பாத்து வெச்சிருக்கேன், கம்மி ரேட்டு. ஓட்டை போட்டு மாட்டணுமா, ஒட்டினா நிக்குமா, ஆர்டிஓ ஆபீஸ்ல பிரச்சனை வருமா? எங்கப்பா மாங்கா மண்டி வெச்சிருக்கார், ரெண்டு பேர் உக்கார்ற வண்டிக்கு றெக்கை வேற எதுக்குடான்னு திட்டிட்டே இருக்கார்."

தம்பி, உங்கப்பா கேட்டதுதான் சரியான கேள்வி, ஆனா அவர் கேட்ட தொனில நான் கேக்க மாட்டேன், ஏன்னா எங்க பட்டறைல வேலையே இந்த மாதிரி ஆசைங்களாலதான் ஓடுது. நேரா சொல்லிடறேன். பாக்க நல்லாருக்கும்னு ஸ்பாய்லர் போடறதா இருந்தா தாராளமா போடுங்க, இசட்4 டிக்கி ஓரத்துல ஒரு சின்ன லிப், அதாவது ஓரத்தோட ஒட்டி உதடு மாதிரி நிக்கற குட்டி ஸ்பாய்லர், உக்காந்தா அம்சமாத்தான் இருக்கும். ஆனா வண்டி அலையறது நிக்கணும்னு போடறீங்கன்னா அந்த காச எடுத்து வைங்க, அது வேற எடத்துக்கு போக வேண்டிய காசு. அலையறதுக்கு காரணம் காத்து இல்ல, 90 சதவீதம் டயர்லதான் இருக்கும்னு என் கணிப்பு, அத பின்னாடி விளக்கமா சொல்றேன்.

மொதல்ல இந்த ஸ்பாய்லர் என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம், ஏன்னா அது தெரிஞ்சா ஃப்ரெண்ட்ஸ் சொன்னது எங்க சரி எங்க தப்புன்னு உங்களுக்கே புரிஞ்சிடும். ஆடிக் காத்துல தகரக் கூரை எப்படி மேல எழும்புது, காத்து கீழருந்து தள்றத விட மேல வேகமா வழுக்கிட்டு போறதால மேல அழுத்தம் கொறஞ்சு கூரை எழும்புது இல்லீங்களா, கார் மேலயும் அதே கததான். முன்கண்ணாடி ஏறி கூரை தாண்டி பின்னாடி சரிவா எறங்கற எடத்துல காத்து ஒட்டிக்கிட்டே வேகமா எறங்கும், அங்க அழுத்தம் கொறையும், வண்டியோட பின்பக்கம் கொஞ்சம் லேசாகும். டிக்கி ஓரத்துல ஒரு சின்ன தடுப்பு வெச்சா காத்து அங்க வந்து முட்டி மெதுவாகி, தடுப்புக்கு முன்னாடி டிக்கி மேல அழுத்தம் கூடும், பின்பக்கம் எழும்பறது கொறையும். இவ்வளவுதான் விஷயம். கவனிங்க, சின்ன லிப் வண்டிய கீழ அமுக்கறத விட, மேல எழும்பறத கொறைக்கறதுதான் அதோட வேலை.

இதெல்லாம் வேகத்த பொறுத்தது, அதுவும் சாதாரணமா இல்ல, வேகம் ரெண்டு மடங்கு ஆனா காத்தோட விசை நாலு மடங்கு ஆகும். அப்படின்னா ஒரு ஸ்பாய்லர் 200 கிலோமீட்டர் வேகத்துல தர்ற பலன்ல ஆறுல ஒரு பங்குதான் 80ல கெடைக்கும். தொப்பூர் எறக்கத்துல முன்னாடி ஒரு சிமெண்ட் லாரி, பின்னாடி ஒரு கன்டெய்னர்னு நீங்க 50, 60ல எறங்கறப்போ அந்த லிப் இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். கார் கம்பெனிக்காரங்களே இத எப்படி வெச்சிருக்காங்கன்னு பாருங்க, போர்ஷே பாக்ஸ்டர்ல பின்னாடி ஸ்பாய்லர் தானா எழும்பும், 2006ல வந்த ரெண்டாவது தலைமுறை ஆடி டிடிலயும் அப்படித்தான், ரெண்டுமே 120 தாண்டினாத்தான் மேல வரும், 80க்கு கீழ வந்தா மறுபடி உள்ள போய்டும். 120 வரைக்கும் அது தேவையில்லன்னு செஞ்சவனே முடிவு பண்ணி வெச்சிருக்கான்.

அதுக்காக சின்ன ஸ்பாய்லர் எல்லாம் வெறும் ஷோன்னு சொல்லிட முடியாது. உங்க ஃப்ரெண்ட்ஸ் சொல்றதுக்கு பின்னாடி ஒரு நெஜமான கத இருக்கு. 1998ல ஆடி டிடி மொத தலைமுறை வந்தப்போ பின்பக்கம் வழவழன்னு உருண்டையா இருக்கும், ஸ்பாய்லரே கெடையாது, பாத்தவங்க எல்லாம் டிசைன கொண்டாடினாங்க. ஜெர்மனி ஆட்டோபான்ல 180க்கு மேல போய் திடீர்னு லேன் மாத்தினப்பவும் வளைவுல ஆக்ஸிலேட்டர விட்டப்பவும் பின்பக்கம் புடி விட்டு வரிசையா விபத்து நடந்துச்சு, உயிரும் போச்சு. கம்பெனி வண்டிங்கள திரும்ப கூப்பிட்டு பின்னாடி ஒரு சின்ன ஸ்பாய்லர் வெச்சாங்க. ஆனா கதை சொல்றவங்க பாதியோட நிறுத்திடுவாங்க, கூடவே சஸ்பென்ஷன்ல மாத்தம் பண்ணாங்க, வழுக்கினா தானா பிரேக் புடிச்சு சரி பண்ற இஎஸ்பி சிஸ்டமும் சேத்தாங்க. ஸ்பாய்லர் மட்டும் போதும்னு அவங்களே நெனைக்கல. போர்ஷே 1972ல 911 கரேரா ஆர்எஸ்க்கு வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர் வெச்சதும் இப்படி வேகத்துக்காகத்தான், ரேஸ் ட்ராக்குக்கு போற வண்டி அது.

சரி, அந்த வேகம் நம்ம கதை இல்ல. 120 போறேன்னு வேற எழுதிருக்கீங்க, அத நான் படிக்காத மாதிரி தாண்டிட முடியாது, கிருஷ்ணகிரி ஓசூர் நடுவுல போர்டுல போட்டிருக்க வேகம் அது இல்ல, சர்வீஸ் ரோட்ல இருந்து டூவீலர் குறுக்க வர்ற ரோடு அது. அதோட நிறுத்திக்கறேன்.

இப்போ அலையறதுக்கு வருவோம். பெங்களூர்ல இருந்து வர்ற ஸ்போர்ட்ஸ் காருங்கள்ல நான் அடிக்கடி பாக்கற ஒண்ணு, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட்லயே நின்ன வண்டி, ஓடினது கம்மி, டயர்ல பட்டன், அதாவது ரோட்ல படற பூ வேலை, அப்படியே புதுசா இருக்கும், வாங்கறவங்க அத பாத்து சந்தோஷப்படுவாங்க. ஆனா ரப்பர் ஓடினாலும் ஓடாட்டியும் வயசாகும். டயர் பக்கவாட்டுல டிஓடின்னு ஆரம்பிச்சு ஒரு வரிசை எழுத்து இருக்கும், அதோட கடைசில நாலு நம்பர், 1416ன்னு இருந்தா 2016ம் வருஷம் 14வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். டயரோட ஒரு பக்கத்துல மட்டும்தான் முழு நம்பர் இருக்கும், வெளிப்பக்கம் காணோம்னா உள்பக்கம் குனிஞ்சு பாருங்க. அஞ்சு வருஷம் தாண்டினா வருஷா வருஷம் செக் பண்ணணும், பத்து வருஷம் ஆச்சுன்னா பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழட்டி எறியணும்னு டயர் கம்பெனிங்களே சொல்றாங்க. நகத்த வெச்சு அமுக்கி பாருங்க, பழசான டயர் பலகை மாதிரி இருக்கும், நகம் பதியவே பதியாது.

உங்க வண்டில இன்னொரு சமாச்சாரம் இருக்கு. இந்த இசட்4 வர்றப்பவே ரன்ஃப்ளாட் டயர், ஸ்டெப்னியே கெடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓட்டற மாதிரி பக்கவாட்டு சுவர் ரொம்ப கெட்டியா இருக்கும். 18 இன்ச் வீல்னா முன்னாடி 225, பின்னாடி 255 அகலம். அகலமான, கெட்டியான, வயசான டயர், இந்த மூணும் சேந்தா ரோட்ல இருக்க ஒவ்வொரு கோடும் ஸ்டியரிங்ல தெரியும். நம்ம ஹைவேல லாரி போற லேன்ல பாருங்க, லோடு ஏத்திட்டு ஓடி ஓடி சக்கரம் போற எடம் பள்ளமா ரெண்டு வாய்க்கால் மாதிரி இருக்கும், லாரியோட சக்கர அகலம் வேற உங்க வண்டியோடது வேற, ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்கும் இன்னொண்ணு மேட்டுல ஏறும், வண்டி தானா ஒரு பக்கம் இழுத்துட்டு போகும். ஓசூர் ரோட்ல நீங்க சொல்ற அலையல் இதுவா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். இதுக்கு டிக்கி மேல என்னத்த ஒட்டினாலும் நிக்காது.

அலையறதுலயும் ரகம் இருக்கு, நீங்க எந்த ரகம்னு எழுதல. ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் ஸ்டியரிங் கைல நடுங்கினா அது வீல் பேலன்சிங், வேகம் கூடினா போய்டும், அதனால பலபேர் வேகத்த கூட்டி சரி பண்ணிக்கறாங்க, நல்ல வைத்தியம்! நேர் ரோட்ல ஸ்டியரிங் நேரா இல்லாம ஒரு பக்கம் சாஞ்சே இருந்தா அலைன்மென்ட். லேன் மாத்தறப்போ முன்பக்கம் திரும்பி அரை நொடி கழிச்சு பின்பக்கம் தனியா வந்து சேர்ற மாதிரி தோணினா பின்பக்க சஸ்பென்ஷன்ல இருக்க ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும், இல்ல பின் சக்கரத்தோட அலைன்மென்ட் போயிருக்கும். இங்க ஒண்ணு சொல்லணும், நம்ம பக்கம் அலைன்மென்ட்னா முன் ரெண்டு சக்கரம் மட்டும் பாத்துட்டு பில் போட்டு குடுக்கற எடம் நெறைய இருக்கு, உங்க வண்டிக்கு பின் சக்கரத்துக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் இருக்கு, நாலு சக்கரமும் காட்டற மெஷின்ல வெச்சு, முன்னாடி இருந்த அளவும் சரி பண்ண பின்னாடி வந்த அளவும் ரெண்டும் பிரிண்ட் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க. கன்டெய்னர் லாரிய தாண்டறப்போ மட்டும் வண்டி ஒரு தள்ளு தள்ளுதுன்னா அது லாரி கிழிச்சிட்டு போற காத்து, உயரம் கொறஞ்ச வண்டில அது இருக்கத்தான் செய்யும், அதுக்கு பயப்பட வேண்டாம், ரெண்டு கைலயும் ஸ்டியரிங் புடிங்க.

காத்தழுத்தம் கதவு திறந்தா அங்க ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அது படி வைங்க, காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி. பெட்ரோல் பங்க்ல எல்லா வண்டிக்கும் ஒரே நம்பர வெச்சு அடிச்சு விட்டுடறாங்க.

தொப்பூருக்கு ஒரு வார்த்த. அங்க எறக்கத்துல உங்களுக்கு தேவை கியர். ஆட்டோமேட்டிக் ஆனாலும் மேனுவல் மோடுக்கு தள்ளி கியர கொறச்சு எஞ்சின்லயே வேகத்த புடிச்சுட்டு வாங்க, பிரேக்க மிதிச்சிட்டே எறங்காதீங்க. பிரேக் ஆயில் எப்போ மாத்தினதுன்னு சர்வீஸ் ரெக்கார்ட்ல பாருங்க, ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க, அது காத்துல இருந்து ஈரத்த இழுக்கும், ஈரம் சேந்தா சூட்டுல கொதிச்சு பெடல் அமுங்கிப் போய்டும். உங்க வண்டி பின் சக்கரம் தள்ற வண்டி, மழை பேஞ்ச மொத அரை மணி நேரம் லாரி சிந்தின டீசலும் ஆயிலும் ரோட்ல மெதக்கும், அந்த நேரத்துல டிஎஸ்சி பட்டன (வண்டி வழுக்காம பாத்துக்கற சிஸ்டத்தோட பட்டன்) தொடாதீங்க, அது ஆன்லயே இருக்கட்டும்.

இதெல்லாம் பாத்தாச்சு, வண்டி நேரா போகுது, இப்பவும் ஸ்பாய்லர் ஆசை இருக்கு. நல்லது, இப்போ என் தொழிலுக்கு வந்துட்டீங்க.

அந்த கம்மி ரேட் பைபர் லிப்ப வாங்காதீங்க. பைபர்னாலே மோசம்னு இல்ல, நல்ல அச்சுல நல்லா செஞ்ச பைபர் இருக்கு, ஆனா ஆன்லைன்ல அந்த வெலைக்கு வர்றது அப்படி இருக்காது. பின்பக்கம் திருப்பி பாத்தா நார் நாரா நிக்கும், மேல ஊசிக்குத்தல் மாதிரி ஓட்டை இருக்கும், பட்டி வெச்சு வாட்டர் பேப்பர் போட்டு தேச்சு தேச்சு சமம் பண்ணி பெயின்ட் அடிச்சா வெயில்ல நிக்க நிக்க அந்த ஓட்டைல அடைஞ்ச காத்து விரிஞ்சு பெயின்ட் மேல கொப்புளமா வரும். நீங்க மிச்சம் புடிச்ச காசு எல்லாம் எங்கள மாதிரி ஆளுங்க கூலிக்கு போய்டும். சின்ன லிப்புக்கு ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான் நான் சொல்றது, எடை கம்மி, அளவு ஒண்ணுபோல வரும், பெயின்ட் நல்லா புடிக்கும், ஆனா பிளாஸ்டிக் பிரைமர் போட்டுத்தான் அடிக்கணும். கார்பன் பைபர் கேக்காதீங்க, மேல பூசற கிளியர் மட்டமா இருந்தா தர்மபுரி வெயிலுக்கு மஞ்ச பூத்துடும், வெறும் பொட்டுக்கு அவ்வளவு காசு வேண்டாம். வாங்கறப்போ ஒண்ணு உறுதி பண்ணிக்குங்க, இசட்4னு ஒரே பேர்ல ரெண்டு மூணு உடம்பு வந்திருக்கு, 2002ல வந்த மொத மாடல் ஈ85, அதுக்கு துணிக்கூரை, உங்களோடது 2009ல ஆரம்பிச்ச ஈ89, டிக்கி வடிவமே வேற. இசட்4 லிப்னு மட்டும் போட்டிருந்தா வாங்காதீங்க. பெங்களூர்ல பார்ட்ஸ் கடைங்க இருக்க ஜே.சி. ரோடு போறதா இருந்தா வண்டியோடயே போங்க, அங்கயே வெச்சு பாத்து எடுக்கலாம்.

வெச்சு பாக்கறதுன்னா எப்படி? டிக்கி மேல வெறுமனே வைங்க, கைய எடுத்துடுங்க. ரெண்டு முனையும் யாரும் அமுக்காமலே உக்காரணும். நடுவுல அமுக்கினா ஓரம் எழும்புது, ஓரத்த அமுக்கினா நடுவுல இடுக்கு தெரியுதுன்னா அத திருப்பி குடுத்துடுங்க. டேப் போட்டு அமுக்கினா ஒட்டிக்கும் சார்னு கடைக்காரர் சொல்லுவார், ஒட்டத்தான் செய்யும், ஆனா அந்த பிளாஸ்டிக் ராத்திரி பகலா தன் பழைய வடிவத்துக்கு திரும்ப இழுத்துட்டே இருக்கும், ஆறு மாசத்துல முனை தூக்கிக்கும்.

உங்க வண்டிக்குன்னு ஒரு தனி சோதனை இருக்கு, இத தாண்டி யாரும் டேப் பக்கம் போகவே கூடாது. கூரை மடியறப்போ உங்க டிக்கி மூடி மொத்தமா பின்பக்கமா சாஞ்சு தெறக்கும், கூரை உள்ள போனதும் மறுபடி மூடும். லிப்ப மாஸ்கிங் டேப் போட்டு தற்காலிகமா நிறுத்தி வெச்சுட்டு ஒருத்தர் ஸ்விட்ச்ல உக்காரணும், ஒருத்தர் பின்னாடி குந்தி லிப்போட ஓரத்தயும் பம்பரயும் பாத்துட்டே இருக்கணும். ஸ்விட்ச்ல இருந்து விரல எடுத்தா கூரை நடுவுலயே நின்னுடும், அதனால கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு ஓட்டி பாக்கலாம். எந்த எடத்துலயாவது ஒரு விரல் நுழையற இடைவெளி இல்லன்னா அந்த லிப் உங்க வண்டிக்கு இல்ல. அந்த கூரைய தூக்கறது ஹைட்ராலிக், மூடியோட எடைக்கு கணக்கு பண்ணி வெச்சது, அதனாலயும் கனமான பைபர் வேண்டாங்கறேன். அதுல ஏதாவது ஆச்சுன்னா செலவு ஸ்பாய்லர் கணக்குல வராது, வண்டி கணக்குல வரும். அப்புறம் கூரைய தெறந்து விட்டு ஓட்டறப்போ காத்து கலைஞ்சு கலைஞ்சுதான் பின்னாடி வரும், அந்த நேரத்துல லிப்புக்கு கொஞ்ச நஞ்சம் இருக்க வேலையும் போய்டும்.

ஓட்டை போடாதீங்க. பெரிய விங் வெக்கறவங்களுக்கு போல்ட் இல்லாம முடியாது, ஒரு சின்ன லிப்புக்கு அது அநியாயம். ஓட்டை வழியா தண்ணி எறங்கும், பெயின்ட் ஓரத்துல இருந்து உரிய ஆரம்பிக்கும், உள்ள என்ன வயர் எந்த பக்கம் ஓடுதுன்னு பாக்காம ட்ரில் விட்டா இன்னொரு செலவு, நாளைக்கு விக்கறப்போ வாங்கறவன் அந்த ஓட்டைய காட்டியே வெலய ஒடைப்பான்.

த்ரீஎம் விஹெச்பி மாதிரி அக்ரிலிக் ஃபோம் டேப் போதும், கட்டடத்துல கண்ணாடியே ஒட்டற சாதி அது, ஒழுங்கா ஒட்டினா கழட்டறதுதான் கஷ்டம். ஒழுங்கா ஒட்டறதுலதான் எல்லாமே இருக்கு. செகண்ட் ஹேண்ட் வண்டி விக்கறவங்க பளபளன்னு காட்ட சிலிகான் பாலிஷ் போட்டிருப்பாங்க, இல்ல பழைய ஓனர் செராமிக் கோட்டிங் பண்ணிருப்பார், அது மேல எந்த டேப்பும் நிக்காது, அதோட வேலையே எதையும் ஒட்ட விடாததுதானே. லிப் உக்கார்ற பட்டைல மட்டும் அத லேசா காம்பவுண்ட் (தேய்க்கற பாலிஷ் பேஸ்ட்) போட்டு எடுத்துட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல துணிய நனச்சு ஒரே திசைல தொடைக்கணும். தின்னர் கூடாது, பெயின்ட்ட தின்னுடும், பெட்ரோலும் கூடாது, எண்ணப் பசைய விட்டுட்டு போகும். சுத்தமாச்சான்னு தெரிய ரெண்டு சொட்டு தண்ணி விட்டு பாருங்க, முத்து முத்தா உருண்டா கோட்டிங் இன்னும் இருக்கு, பரவி படலமா நின்னா சுத்தம். அப்புறம் காய விட்டு மறுபடி ஆல்கஹால் போட்டு, அதுக்கப்புறம் கை படக்கூடாது. நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரி தூசு எங்க பாத்தாலும் படியும், தொடச்சு பத்து நிமிஷம் விட்டா மேல ஒரு மெல்லிசு மாவு உக்காந்துடும், டேப்ப அதுக்கு மேல ஒட்டினா நீங்க ஒட்டினது தூசு மேல, வண்டி மேல இல்ல. அதனால மூடின ஷெட்டுக்குள்ள, ஃபேன நிறுத்திட்டு செய்யணும்.

சூடும் முக்கியம். 21 டிகிரில இருந்து 38 வரைக்கும் இருந்தா டேப் நல்லா புடிக்கும். மே மாசம் வெயில்ல நின்ன டிக்கில கைய வெக்க முடியாது, மார்கழி காலைல ஓசூர்ல தகரம் ஜில்லுனு கெடக்கும், ரெண்டுமே ஆகாது. நெழல்ல நிறுத்தி, ஜில்லுனு இருந்தா ஹேர் டிரையர்ல மெதமா சூடு காட்டிட்டு ஒட்டலாம். நடுவ லோகோவுல இருந்து அளந்து ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப்ல கோடு கட்டிக்குங்க. லிப்போட ஓரம் முழுக்க டேப் வரணும், இங்கொண்ணு அங்கொண்ணு துண்டு போட்டா நடுவுல தண்ணியும் தூசும் பூந்துடும். டேப் மேல இருக்க காகிதத்த மொத்தமா உரிக்காம ரெண்டு முனையும் கொஞ்சம் உரிச்சு வெளிய மடிச்சு விட்டு, லிப்ப கோட்டுல உக்கார வெச்சு, அப்புறம் காகிதத்த மெல்ல வெளிய இழுத்தா எடம் மாறாது. நடுவுல இருந்து ஓரத்துக்கு கட்டை விரலால நல்லா அழுத்துங்க, ஒட்டறது பசைல பாதி, அழுத்தத்துல பாதி. 24 மணி நேரம் வண்டிய தொடாதீங்க, 72 மணி நேரத்துலதான் முழு புடி வரும், அது வரைக்கும் ஹைவே வேண்டாம், வாட்டர் வாஷ் வேண்டாம், கூரையயும் மடிக்க வேண்டாம். அப்புறமும் வாட்டர் வாஷ்ல தண்ணி பீச்சற குழாய லிப்போட ஓரத்துல நேரா புடிக்க விடாதீங்க.

ஓரத்த சிலிகான்ல அடைக்கலாம்னு யாராச்சும் வந்தா விடாதீங்க. வினிகர் வாசன அடிக்கற சிலிகான் உலோகத்துக்கு ஆகாது, அதுக்கும் மேல சிலிகான் பட்ட எடத்துல நாளைக்கு பெயின்ட் அடிச்சா குழி குழியா வரும், அத எடுக்க நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கலர். உங்க வண்டி மெட்டாலிக் நீலம், இதுதான் கொஞ்சம் வில்லங்கம். கலர் கோடு பானெட்டுக்கு கீழ ஸ்டிக்கர்ல இருக்கும், ஆனா அது 2012ல கம்பெனில அடிச்ச கலருக்கு கோடு, இத்தன வருஷ வெயில் பாத்த டிக்கிக்கு இல்ல. அதனால பெயின்டர் ஒரு சின்ன தகட்டுல அடிச்சு டிக்கி மேல வெச்சு வெயில்லயும் நெழல்லயும் பாத்து கலர இழுக்கணும். இன்னொண்ணு, மெட்டாலிக்ல பொடி படுக்கற திசைய பொறுத்து ஒரே பெயின்ட்டே ரெண்டு கலரா தெரியும், லிப்ப செவுத்துல தொங்க விட்டு அடிச்சுட்டு டிக்கில படுக்க வெச்சா ஒரு சாயல் மாறி நிக்கும், வண்டில எந்த சாய்வுல உக்காருமோ அதே சாய்வுல வெச்சு அடிக்க சொல்லுங்க. இந்த தலவலியே வேண்டாம்னா க்ளாஸ் ப்ளாக் அடிச்சுடுங்க, நீலத்துக்கு கறுப்பு லிப் எடுப்பா இருக்கும், மேட்ச் பண்ற வேலையே இல்ல. நானா இருந்தா அதத்தான் செய்வேன். எதுவானாலும் பெயின்ட் அடிச்ச லிப் நல்லா காஞ்ச பின்னாடிதான் ஒட்டணும், அவசரப்பட்டா அடியில பெயின்ட் டேப்போட சேந்து உரிஞ்சு வந்துடும்.

ஆர்டிஓ விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சி புக்ல இருக்க விவரத்துக்கும் கம்பெனி குடுத்த அமைப்புக்கும் முரணா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019ல வந்த திருத்தத்துல 182ஏ பிரிவு, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேத்தும் போடலாம். டிக்கி ஓரத்துக்குள்ளயே அடங்கற ஒரு லிப் ஆர்சில இருக்க எதையும் மாத்தறதில்ல, ஆனா பம்பர தாண்டி நீட்டிட்டு நின்னாலோ, நம்பர் பிளேட்ட மறைச்சாலோ, நடுவுல மேல இருக்க மூணாவது பிரேக் லைட் மேல விழுந்தாலோ நிறுத்தி கேக்க ஒரு காரணம் நீங்களே குடுத்த மாதிரி. மேல கால் வெச்சு நிக்கற பெரிய விங் ஆசை இருந்தா அத மறந்துடுங்க, அது ட்ராக்குக்கு, அதுவும் முன்பக்கம் ஒண்ணும் பண்ணாம பின்னாடி மட்டும் அமுக்கினா வேகத்துல முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராவே போகும்.

உங்க விஷயத்துல அவசரம் கேஏ நம்பர்தான். வேற மாநில வண்டி 12 மாசத்துக்கு மேல இங்க ஓடினா இங்க பதிவு பண்ணியாகணும், பெங்களூர்ல இருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லங்கற சான்று), இங்க லைஃப் டாக்ஸ், அப்புறம் வண்டிய காட்டி தர்மபுரி நம்பர் டிஎன் 29 வாங்கணும். அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்கு வண்டி கம்பெனில வந்த மாதிரியே போகட்டும். நம்பர் வந்த பின்னாடி லிப் ஒட்டுங்க, ஒட்டினதும் பில்லும் போட்டோவும் சேத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு பதில வாங்கி வெச்சுக்குங்க. சொல்லாம விட்டு நாளைக்கு க்ளெய்ம் வந்தா சர்வேயர் மொதல்ல பாக்கறது வெளிய தெரியறதத்தான்.

பின்னாடி புடிக்கலன்னா கழட்டிடலாமான்னு நீங்க கேக்கல, ஆனா கேப்பீங்க. கழட்டலாம், ஹேர் டிரையர்ல சூடு காட்டி, தூண்டில் நரம்ப லிப்புக்கும் டிக்கிக்கும் நடுவுல விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா டேப் அறுந்துட்டு வந்துடும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக் கூடாது. மிச்ச பசைய விரலால உருட்டி உருட்டி எடுத்துட்டு பாலிஷ் போட்டா போதும், ஆனா வருஷக்கணக்குல ஒட்டியிருந்தா அடியில வெயில் படாத நீலம் ஒரு பட்டையா தனியா தெரியும்.

டயர் நாலோட டிஓடி நம்பரயும் அலைன்மென்ட் பிரிண்ட்டயும் போட்டோ எடுத்து அனுப்புங்க, அத பாத்துட்டு எந்த டயர் போடலாம், ரன்ஃப்ளாட்டாவே போறதா சாதா டயருக்கு மாறறதான்னு அடுத்து எழுதறேன். சாதா டயருக்கு மாறினா ஸ்டெப்னி இல்லாத வண்டில பஞ்சருக்கு என்ன பண்றதுன்னு ஒரு ஏற்பாடு வேணும், அதுக்கு தனியா பேசணும்.